தங்கத்தின் இடக்கண்ணைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர் அம்மையாருக்கும், லாயத்தில் குதிரை பராமரிக்கும் சைஸ் ஐயாவுக்கும், மருந்தாளர் அவர்களுக்கும், பழத்தோட்டத்துப் பாக் சிக் (மலாயில் 'மாமா') அவர்களுக்கும், இரவு முறை பார்த்த தம்பி தங்கைகளுக்கும் எங்கள் வணக்கம்.

பினாங்கு பாலிக் புலாவில் எங்கள் குடும்பம் பராமரித்து வரும் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையான தங்கத்தின் இடக்கண்ணில் இருந்த பூஞ்சைப் புண் முழுவதுமாக ஆறிவிட்டது என்று மருத்துவர் சென்ற வாரம் உறுதி செய்தார். உங்களில் ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லியிருக்கிறோம். ஆயினும், பகலில் வந்தவர்களுக்கு இரவில் வந்தவர்கள் செய்தது தெரியாது. மருந்தைத் தேடித் தந்தவருக்கு அது குதிரையின் கண்ணுக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது. ஆகவேதான் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறோம். தமிழ் படிக்காத இருவருக்கு இதையே மலாயில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டோம்.

முதல் நன்றி சைஸ் ஐயாவுக்கு உரியது. 1864-இல் தொடங்கப்பட்ட பினாங்கு குதிரைப் பந்தய மன்றத்தின் லாயங்களில் தம் இளமை முழுவதையும் கழித்தவர் அவர். பந்தயங்கள் 2025-இல் நின்றுபோன பிறகு, குதிரையின் முகத்தைப் பார்த்தே அதன் உடல்நிலையைச் சொல்லக்கூடியவர்கள் இத்தீவில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது. அன்று காலையில் தங்கத்தின் கண்ணில் நீர் வடியவில்லை; சிவப்பும் சொல்லும்படியாக இல்லை. இடக்கண்ணின் இமைமயிர் மட்டும் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததை அவர் கவனித்தார். நலமாக இருக்கும் குதிரையின் மேலிமை மயிர் ஏறக்குறைய நேராக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணில் வலி இருந்தால் அது தரையைப் பார்க்கும். அந்தச் சிறு வேறுபாட்டை வைத்தே அவர் உடனடியாக மருத்துவரை அழைக்கச் செய்தார்.

அதைவிடவும் பெரிய உதவியாக நாங்கள் கருதுவது, அவர் ஒன்றைச் செய்ய விடாமல் தடுத்ததுதான். நலம் விரும்பும் நண்பர் ஒருவர், தம் குதிரைக்கு முன்பு கண் சிவந்தபோது கொடுக்கப்பட்ட களிம்பு மீதமிருக்கிறது என்று அன்போடு எடுத்து வந்தார். அதில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தது. "மருந்து எங்கேயும் ஓடிப்போகாது தம்பி, டாக்டர் வந்து சாயம் விட்டுப் பார்க்கட்டும்" என்று சொல்லி, ஐயா அக்குழாயை வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு இட்டால், கண்ணின் எதிர்ப்பாற்றல் குறைந்து பூஞ்சை தடையின்றிப் பரவும் என்றும், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள கருவிழி கரைந்து ஓட்டை விழவும் கூடும் என்றும் மருத்துவர் பின்னர் விளக்கினார். களிம்பு கொண்டுவந்த நண்பர் அதைக் கேட்டுவிட்டு, அன்று முதல் இரவு முறைக்கு வரத் தொடங்கினார். அவருக்கும் இம்மடலில் நன்றி உண்டு.

செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் பயின்ற மருத்துவர் அம்மையார், எதிர்க்கரையில் உள்ள பிறை நகரிலிருந்து பாலம் கடந்து அன்று நண்பகலுக்குள் வந்து சேர்ந்தார். குதிரையின் இமைத் தசை மிகவும் வலுவானது. வலியுள்ள கண்ணைக் கையால் திறக்க முயன்றால் அந்த அழுத்தத்திலேயே புண் கிழிந்துவிடக்கூடும். எனவே முதலில் அமைதிப்படுத்தும் ஊசியும், பின்னர் இமையை மூடும் நரம்பு மரத்துப்போக நெற்றிப்பொட்டின் அருகே இன்னோர் ஊசியும் போட்டார். ஃபுளோரசீன் சாயத்தை விட்டபோது, மேல்தோல் இழந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. அத்துடன் நிறுத்தாமல், புண்ணின் விளிம்பைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை இழைகளைக் கண்டறிந்ததற்கு அவருக்கு நாங்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்லி முடியாது. நம் நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில், புல்லோ வைக்கோலோ கண்ணில் கீறினாலே பூஞ்சை உள்ளே இறங்கிவிடலாம். பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்தை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் அது கட்டுப்படாது.

வலியில் இருக்கும் ஒரு பெரிய குதிரைக்கு இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவும் பகலும், பல வகைச் சொட்டு மருந்துகளை விடுவது நடக்கிற காரியமா என்று நாங்கள் மலைத்து நின்றோம். ஓரிரு நாளிலேயே அது தலையைத் தூக்கிக்கொண்டு ஆளை அண்ட விடாது. இதற்காக மருத்துவர் மேலிமையின் வழியாக மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் மறுமுனையைத் தோள்பட்டை வரை கொண்டுவந்து கட்டினார். குழாய் அசையாதபடி பிடரி மயிரோடு சேர்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடும் சடையைப் போல வரிசையாகப் பின்னித் தந்தவர்கள் நம் தங்கைமார் இருவர். அதன் பிறகு கண்ணைத் தொடாமலேயே, தோளருகில் நின்றபடி 0.2 மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்தி, அதன் பின்னால் சிறிது காற்றை மெதுவாகத் தள்ளினால் மருந்து கண்ணில் போய் விழும். காற்றை வேகமாகத் தள்ளினால் குதிரை திடுக்கிடும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

நள்ளிரவிலும் விடியற்காலையிலும் இந்த ஐந்து நிமிடங்களைக் கடிகாரம் பார்த்துக் காத்திருந்தவர்கள், மறுநாள் வேலைக்கும் கல்லூரிக்கும் போக வேண்டியவர்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்பேடு எங்களிடம் இருக்கிறது. அதில் மருந்தின் பெயருக்கும் நேரத்திற்கும் பக்கத்தில் லத்திக் (சாணக்) கணக்கும் இருப்பதைப் பார்த்து வெளியார் சிரிக்கலாம். கண்ணின் பாவையை விரித்து வலியைக் குறைப்பதற்காக விடப்படும் அட்ரோபின், குதிரையின் குடல் அசைவையும் மந்தமாக்கக் கூடியது. கண்ணைக் காப்பாற்றப் போய் வயிற்றுவலியில் குதிரையை இழந்த கதைகளை ஐயா அறிந்திருந்தார். ஓர் இரவு லத்தி குறைந்திருப்பதைக் குறிப்பேட்டில் கண்ட தம்பி ஒருவர் உடனே மருத்துவரை எழுப்பினார். அம்மையாரும் முகம் சுளிக்காமல், அட்ரோபினின் இடைவெளியை அப்போதே நீட்டித்தார்.

பூஞ்சைக்கான நட்டமைசின் சொட்டு மருந்து அன்றாடம் எல்லாக் கடையிலும் கிடைப்பதன்று. மருந்தாளர் அவர்கள் பல இடங்களில் தொலைபேசியில் விசாரித்து, மருத்துவரின் சீட்டைச் சரிபார்த்து, மருந்து தீர்வதற்கு முன்பே அடுத்ததை வரவழைத்துத் தந்தார். பாக் சிக் அவர்களின் உதவி வேறு வகையானது. தங்கத்தின் கழுத்திலிருந்து எடுத்த இரத்தத்தைத் தெளியவைத்துப் பிரித்த சீரத்தையும் கண்ணில் விட்டு வந்தோம். கருவிழியைக் கரைக்கும் நொதிகளை அது தடுக்கிறது. ஆனால் அதைக் குளிரில் வைக்காவிட்டால் கிருமி பெருகிவிடும். எங்கள் லாயத்தில் குளிர்ப்பெட்டி இல்லை. டுரியான் பருவமாக இருந்தும் பாக் சிக் தம் கடைக் குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டையே ஒழித்துக் கொடுத்து, நடுச்சாமத்தில் வந்து எடுக்க வசதியாகச் சாவியையும் எங்களிடமே விட்டுவைத்தார். சீரத்தில் டுரியான் வாசம் ஏறவில்லை என்பதையும் அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

சிகிச்சை தொடங்கிய சில நாட்களில் கண் முன்னைவிட மோசமாகத் தோன்றியபோது, கோலாலம்பூருக்கு ஏற்றிப்போய்க் கண்ணையே அகற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பூஞ்சை மடியும்போது கண்ணுக்குள் அழற்சி கூடுவது உண்டு என்று சொல்லி, அம்மையார் வீக்கத்திற்கும் வலிக்கும் ஊசியைக் கூட்டிப் பொறுத்திருக்கச் செய்தார். பிறகு வெள்ளை விழியின் ஓரத்திலிருந்து செந்நிற இரத்தக் குழாய்கள் புண்ணை நோக்கி வளரத் தொடங்கின. நாங்கள் பதறினோம், அவரோ அன்றுதான் முதன்முறையாகப் புன்னகைத்தார். இரத்தக் குழாய்கள் புண்ணைச் சென்றடைந்தால் ஆறுவதற்கு வேண்டியவை அங்கே போய்ச் சேரும் என்று அவர் சொன்னது அப்படியே நடந்தது.

மருந்துச் செலவில் கைகொடுத்தவர்கள் தங்கள் பெயரோ தொகையோ வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இங்கே நன்றியை மட்டும் பதிவு செய்கிறோம்.

குழாயை எடுத்தாயிற்று. கருவிழியின் கீழ்ப்பகுதியில் வெண்தழும்பு ஒன்று நிலைத்திருக்கிறது. அதைச் சுற்றிப் பார்வை இருக்கிறது. வெயிலில் விடும்போது ஈ மறைப்பு முகமூடியை இன்னும் கழற்றுவதில்லை. தலைக்கு மேல் தொங்கவிட்டிருந்த வைக்கோல் வலையையும் தூசி கண்ணில் விழாதபடி கீழே இறக்கிவிட்டோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் லாயத்தில் எளிய விருந்து ஒன்று வைத்திருக்கிறோம். சைவம், அசைவம் இரண்டும் உண்டு. பாக் சிக் குடும்பத்தாரும் தயக்கமின்றி உண்ணலாம், இறைச்சி ஹலால் கடையில்தான் வாங்கப்படுகிறது. எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும். தங்கத்தைப் பார்க்க வரும் பிள்ளைகளிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: இடப்பக்கமாகப் போவதானால் முதலில் குரல் கொடுத்துவிட்டுப் பிறகு தொடட்டும்.

நன்றியுடன்,
தங்கத்தைப் பராமரிக்கும் குடும்பத்தினர்,
பாலிக் புலாவ், பினாங்கு