32 வீட்டுச் சாமான்: பாப்பாவுக்கு அப்பா எழுதியது

ரெங்கம், ஜோகூர், மலேசியா
20 ஏப்ரல் 2020

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கொரோனா கட்டுப்பாட்டில் வருமானம் நின்றுபோன நம் தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, சாமான் கொடுக்க வேண்டும் என்று நீ சிங்கப்பூரிலிருந்து வாட்சப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு உன் கூட்டாளிகளுக்கும் காட்டு.

1,500 சிங்கப்பூர் வெள்ளி சேர்ந்திருக்கிறது என்றாய். நம் மலேசிய வெள்ளிக்கு 4,500 தேறும். அதை வைத்து 50 வீட்டுக்கு வீட்டுக்கு 5 கிலோ அரிசி, மெகி நூடுல்ஸ், பிஸ்கட், மைலோ, கை துடைக்கும் மருந்து ஒரு போத்தல், முகக்கவரி இரண்டு என்று எழுதியிருக்கிறாய். கொடுக்கிற மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சாமானை வைத்து ஒரு வேளை குழம்பு கொதிக்காது. எண்ணெய் எங்கே? உப்பு, புளி, வெங்காயம் எங்கே? மெகியும் பிஸ்கட்டும் வருகிறவர் போகிறவர் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். சில வீடுகளில் மூன்று பெட்டி மெகி சுவரோரம் நிற்கிறது, தாளிக்க எண்ணெய் இல்லை.

50 வீடு என்ற எண்ணிக்கையை விடு. 32 வீடு போதும். ஒழுங்காகச் செய்தால் வீட்டுக்கு 100 வெள்ளி ஆகும், 3,200. மிச்சம் 1,300-ஐ எதற்கு வைக்க வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன். அதுதான் முக்கியமான காசு.

முதலில் யாருக்கு என்று பார். லயத்தில் இருக்கிற எல்லாரும் தோட்டத்து ஆள் என்று நீ நினைக்கிறாய். தோட்டத்தில் பெயர் உள்ளவனுக்கு வேலை நிற்கவில்லை. செம்பனையை ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒரு சுற்று வெட்டியாக வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகும் அனுமதியோடு வெட்டு நடக்கிறது. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டு மட்டும் ஒரே களத்தில் இல்லை, கும்பல் கும்பலாகப் பிரித்துவிட்டார்கள். அவர்களுக்கு 7ஆம் தேதிக்குள் சம்பளம் வந்துவிடும், அது சட்டம்.

கை காய்ந்து நிற்பது அடுத்த வாசல். கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள், சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவிய பெண்கள், கோயிலுக்குப் பூ கட்டியவர்கள், பள்ளிக்கூட வேன் ஓட்டியவர்கள், நாள்கூலிக்குக் கொந்திராக் (ஒப்பந்த) வேலை பார்த்தவர்கள். ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி சிங்கப்பூருக்குப் போய்வந்த பையன்களும் லயத்துக்கே திரும்பிவிட்டார்கள். நாலு பேர் சாப்பிட்ட வீட்டில் இப்போது ஆறு பேர், சம்பாத்தியம் பூஜ்யம். கொந்திராக்டரிடம் வேலை செய்யும் வங்காளதேசிகளையும் இந்தோனேசியர்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள். அரசாங்கப் பணம் அவர்களுக்குக் கிடையாது, கேட்கவும் கூச்சப்படுவார்கள். வங்காளதேசிகளுக்குக் கறித்தூள் வேண்டாம், அதற்குப் பதிலாக மைசூர் பருப்பும் காய்ந்த மிளகாயும் மஞ்சள்தூளும் கூட்டிக் கொடு.

அரசாங்கத்தின் 'பிரிஹாத்தின்' உதவிப் பணம் வந்துவிட்டதே என்று உன் கூட்டாளி கேட்டதாகச் சொன்னாய். 4,000 வெள்ளிக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு 1,600. அதில் 1,000 இந்த மாதம், 600 மே மாதம். வங்கிக் கணக்கும் பழைய உதவித்தொகைப் பட்டியலில் பெயரும் இருந்தவர்களுக்குத் தானாக விழுந்தது. கணக்கு இல்லாதவர்கள் பி.எஸ்.என். வங்கி வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். பெயரே இல்லாதவர்கள் 30ஆம் தேதிக்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் இணையத்தில். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் அது பத்துப் பை அரிசிக்குச் சமம். நீ அங்கிருந்தே செய்யலாம். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், வீட்டில் உள்ளவர்களின் விவரம், இவற்றை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள். கணவன் மனைவி இரண்டு பேரும் தனித்தனியாகக் குடும்பத்தலைவர் என்று போட்டுவிடுகிறார்கள். அதைக் கவனி.

எப்போது கொடுப்பது என்பதையும் யோசி. பத்தாம் தேதி கொடுத்தால் எல்லார் வீட்டிலும் கொஞ்சமாவது இருக்கும். இறுகுவது 25 முதல் அடுத்த மாதம் 7 வரைக்கும். கடையில் பாக்கிப் புத்தகம் பருப்பது அந்தப் பதின்மூன்று நாளில்தான். ஆகவே பை 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீடு போய்ச் சேர வேண்டும். கட்டுப்பாடு 28ஆம் தேதி முடியும் என்கிறார்கள். முடியாது என்றே வைத்துக் கணக்குப் போடு.

இனி அரிசிக் கணக்கு. லயத்தில் அளப்பது பால் டின்னால். ஒரு டின் 250 கிராம் பிடிக்கும். பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர் உள்ள வீட்டில் நாளைக்கு மூன்று டின் என்றால் 10 கிலோ மூட்டை 13 நாள் வரும். பழம் வெட்டுகிற ஆளோ வளர்ந்த பையனோ இருந்தால் நாலு டின், அப்போது பத்தே நாள். நீ போட்ட 5 கிலோ ஒரு வாரம்கூடத் தாங்காது. இன்னொன்று. தமிழ்ப்பள்ளியில் ஆர்.எம்.டி. என்கிற இலவசச் சாப்பாடு வாங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளி மூடியதோடு அந்த ஒரு வேளையும் போயிற்று. அது வீட்டு உலையில் ஏறியிருக்கிறது. யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு வீட்டுக்கு: உள்ளூர் அரிசி 10 கிலோ 26 வெள்ளி. பாக்கெட் எண்ணெய் 2, ஒன்று 2.50. சீனி 2 கிலோ, கிலோ 2.85. கோதுமை மாவு 2 கிலோ, கிலோ 1.35. இந்த நாலும் 39 வெள்ளி 40 காசு. மிச்ச 60-க்குப் பருப்பு ஒன்றரைக் கிலோ, முட்டை ஒரு தட்டு, நெத்திலி 300 கிராம், சார்டின் 2 டின், வெங்காயம் 2 கிலோ, உருளைக்கிழங்கு 2 கிலோ, பூண்டு, புளி, உப்பு, கறித்தூள், தேயிலை, துணி சோப்பு. மைலோவை எடுத்துவிடு, அந்த விலைக்கு ஒரு தட்டு முட்டை வாங்கலாம். முகக்கவரியும் வேண்டாம். உச்சவரம்பு விலையே ஒன்று 1.50, இரண்டைக் கொடுத்தால் இரண்டு நாள். கை கழுவ சோப்பே போதும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் மட்டும் இருக்கும் கிழவன் கிழவி வீட்டுக்குச் சீனியை நிறுத்திவிட்டுப் பருப்பும் முட்டையும் கூட்டு.

கட்டுவதில்தான் கெட்டுப்போகும். எண்ணெய்ப் பாக்கெட் மெல்லிய பிளாஸ்டிக், மேலே சார்டின் டின்னின் விளிம்பு பட்டால் கிழியும். ஒரு பாக்கெட் உடைந்தால் மாவு, பருப்பு, தேயிலை எல்லாம் பாழ். இரண்டு பாக்கெட்டையும் தனிப் பையில் முடிச்சுப் போட்டு, கடைசியில் கையில் கொடுக்க வேண்டும். சோப்பை அரிசிக்கும் தேயிலைக்கும் பக்கத்தில் வைக்காதே. இரண்டே நாளில் வாசனை இறங்கிவிடும், கழுவிச் சமைத்தாலும் சோறு சோப்பு மணக்கும். அதை உருளைக்கிழங்குப் பையில் போடு. வெங்காயத்தைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் வேர்த்து நாலாம் நாள் அழுகும், வலைப்பை வேண்டும். முட்டைத் தட்டைத் தனியாகத்தான் தூக்க வேண்டும்.

மொத்த எடை 22 கிலோவுக்கு மேல் வரும். ஒரே பையாகக் கட்டிவிட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். அரிசி மூட்டை தனி, மற்றது தனி.

கட்டுகிற மேசையைத் துடைக்கக் குளோரோக்ஸ் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அதாவது நாலு தேக்கரண்டி. துடைத்துப் பத்து நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு வெறும் தண்ணீரில் துடைக்க வேண்டும், இல்லையென்றால் தராசுத் தட்டு துருப்பிடிக்கும். அன்றன்றைக்குக் கலக்கு, நேற்றுக் கலந்ததில் வீரியம் குறைந்திருக்கும். கக்கூஸ் கழுவும் அமிலத்தோடு சேர்த்துவிடாதே, விஷப்புகை வரும். சாமான் மேலேயோ ஆள் மேலேயோ அடிக்கக் கூடாது. சிங்கப்பூரிலும் இதே அளவுதான், உன் அறைக் கதவுப் பிடிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கோயில் மண்டபத்துக்கு வரச்சொல்லிக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டவே வேண்டாம். 32 பேரை வரச்சொன்னால் எண்பது பேர் வருவார்கள், வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே வரலாம் என்பதெல்லாம் அங்கே நிற்காது. அங்காடிக் கடை வாசலில் ஒரு மீட்டருக்குக் கோடு போட்டுப் பார்த்தார்கள். செம்மண்ணில் டேப் ஒட்டவில்லை, சுண்ணாம்பு ஒரு மழையில் போயிற்று, செங்கல் வைத்தால் பையன்கள் நகர்த்திவிடுகிறார்கள். வாசலுக்கு வாசல் கொண்டுபோய் வைப்பதுதான் வழி.

காடியில், அதாவது வாகனத்தில், ஒருவர்தான் போகலாம் என்கிற விதி இருக்கிறது. ஓட்டுகிறவர் ஒருவரே எல்லாவற்றையும் ஏற்றி இறக்க முடியாது. 32 வீட்டுச் சாமான் 700 கிலோவைத் தாண்டும், சின்னக் காடி தாங்காது, ஒரு டன் பிக்அப் வேண்டும். ஏற்றுவதைக் கடையிலேயே முடித்து, ஒவ்வொரு லயத்து முனையிலும் தள்ளுவண்டியோடு ஒரு ஆள் நின்றால், அவர் தன் லயத்துக்கு மட்டும் கொண்டுபோவார். பகல் இரண்டு மணிக்கு மேல் வை, காலையில் சாலையில் குலை லோரி ஓடும். பொது அமைப்புகள் நேரே கொடுக்கக் கூடாது, சமூகநல இலாகா வழியாகத்தான் போக வேண்டும் என்று மார்ச் கடைசியில் சொன்னார்கள். அதற்கு வந்த எதிர்ப்பில் பிறகு தளர்த்தினாலும், இலாகாவுக்கும் போலீஸ் நிலையத்துக்கும் வீட்டுப் பட்டியலோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டே கிளம்ப வேண்டும். நம் மாவட்டத்தில் இது சும்மா பேச்சு இல்லை. சிம்பாங் ரெங்கம் பக்கத்து இரண்டு குடியிருப்புகளைத்தான் மார்ச் 27-ல் நாட்டிலேயே முதலில் முழுதாக அடைத்தார்கள். சாலைத் தடுப்பில், வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்தானா என்று கறாராகக் கேட்கிறார்கள்.

படம் எடுக்கக் கூடாது. உன் கூட்டாளிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் கட்டி அடுக்கிய பைகளைப் படம் எடுத்து அனுப்புகிறேன், ரசீதும் சேர்த்து. வாங்குகிறவர்களின் முகம் வேண்டாம். போன வாரம் ஒரு கும்பல் பதாகை பிடித்துப் படம் எடுத்ததில், தேவைப்பட்ட நாலு வீடு கதவையே திறக்கவில்லை.

அந்த 1,300 வெள்ளிக்கு வருகிறேன். பையில் போட முடியாதது எல்லாம் அதில்தான். சமையல் வாயு 14 கிலோ சிலிண்டர் 26 வெள்ளி 60 காசு. எல்லாரும் வீட்டிலேயே இருப்பதால் ஆறு வாரம் வந்தது நாலு வாரத்தில் முடிகிறது. அரிசி இருந்து வாயு இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? பத்து வீட்டுக்கு 266. குழந்தைப் பால் மாவு வயதுக்கு வயது, பெயருக்குப் பெயர் வேறு. மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். பேம்பர்சும் அளவு கேட்டுத்தான். பெண்பிள்ளைகளின் மாதவிலக்குப் பஞ்சை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை, உன்னுடையதிலும் இல்லை. போன் ரீலோட் 10 வெள்ளி, மூன்று பிள்ளைகள் ஒரே போனில் பள்ளிப்பாடம் பார்க்கிற வீடுகளுக்கு. காலை 8 முதல் மாலை 6 வரை தினம் 1 ஜிபி இலவசம் என்றாலும், போன் அப்பா கையோடு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை பாடத்தைத் திறப்பதே ராத்திரிதான். இரத்த அழுத்த மாத்திரை, இனிப்புநீர் மாத்திரைக்குக் காசு வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் தொடர் மருந்துச் சீட்டு இருந்தால் தபாலில் அனுப்பச் சொல்லலாம். முதல் தடவை வாங்குவதற்கு மட்டும் நேரில் போக வேண்டும்.

பாக்கெட் எண்ணெய்தான் தடங்கல். அது கடைக்கு இவ்வளவுதான் என்ற கோட்டாவில் வரும், பெட்டிக்கு 17 பாக்கெட். 32 வீட்டுக்கு 64 வேண்டும், நாலு பெட்டி போட்டால் 68, உடைகிறதற்கு நாலு கையில் இருக்கும். லோரி வெள்ளிக்கிழமை வரும். புதன்கிழமைக்குள் எண்ணிக்கை சொன்னால்தான் ஏற்றுவார்கள். பணம் வியாழக்கிழமை வந்தாலும் பரவாயில்லை, எண்ணிக்கையை மட்டும் நாளைக்கே உறுதியாகச் சொல். வீட்டுப் பட்டியலை இன்று இரவு அனுப்புகிறேன், பெயர் போடவில்லை, லயம், வீட்டு எண், தலைக்கணக்கு மட்டும். சிவப்பில் எழுதியிருப்பது பால் குடிக்கிற பிள்ளை உள்ள வீடு.

அம்மா கேட்கச் சொன்னாள்: நீ நெத்திலியை வறுத்து வைக்கிறாயா, அப்படியே கட்டி வைத்திருக்கிறாயா? வறுக்காமல் வைத்தால் அந்த அறைப் புழுக்கத்துக்குப் பூஞ்சை பூத்துவிடும்.

அன்புடன்
அப்பா