கீறல் எழுத்தில் தொலையும் புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பின் தலைப்புகளில் சில வாரங்களாகத் தேய்ந்த மரக்கட்டை அச்சுப்போலக் கீறலும் திட்டுமான தடித்த எழுத்துரு வருகிறது. கலைவிழாச் சுவரொட்டி, பனியன், காப்பித்தூள் பொட்டலம் என்று கைவேலையின் சாயல் வேண்டிய இடங்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். தமிழில் அதைக் கையாளும் விதம்தான் இடிக்கிறது.

கீறல்களுக்கு நடுவே புள்ளியும் ஒரு மைத்துளியாகவே தெரிகிறது. அது பாதி தேய்ந்தால் 'பட்டு' 'படடு' ஆகிவிடும். கொம்பின் மேற்சுழியில் ஒரு கீறல் விழுந்தால் 'கோடி' 'கொடி'யாகிவிடும். தொகை போடும் தலைப்பில் இது விளையாட்டல்ல.

அடுத்தது இரட்டிப்பு. கீறல் எழுத்துருவுக்குள்ளேயே வரையப்பட்டிருப்பதால், 'பக்கம்', 'அப்பா' என்று எழுதும்போது அடுத்தடுத்த இரண்டு எழுத்தும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். கைவேலை என்ற மயக்கம் அங்கேயே கலைந்துவிடும். ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து மாற்றி மாற்றி இடும் ஓபன்டைப் (இன்றைய எழுத்துருக் கோப்பு வகை) வசதி இதற்கு மருந்து. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

எங்கள் பரிந்துரை: தலைப்பைக் கீறலில்லாத தடித்த எழுத்தில் அமையுங்கள். மை ஏறக்குறைய வற்றிய உருளையைத் தாளில் ஓட்டி, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, ஃபோட்டோஷாப்பில் வரி முழுவதற்கும் ஒரே லேயர் மாஸ்க்காக (கறுப்பான இடத்தில் எழுத்தை மறைத்து, வெள்ளையான இடத்தில் காட்டும் திரை) இடுங்கள். பிறகு புள்ளி, சுழி, கொம்பு இருக்கும் இடங்களில் மட்டும் மாஸ்க்கில் வெள்ளைத் தூரிகை ஓட்டினால் அவை முழுதாக மீளும். நாளிதழ்த் தாளில் மை பரவுவதால் கால் மில்லிமீட்டருக்கும் மெல்லிய கீறல் அடைபட்டு, அழுக்காகத்தான் தெரியும். கீறலைக் குறைவாகவும் அகலமாகவும் வையுங்கள். அச்சாகும் அளவிலேயே ஒரு நகல் எடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பது நல்லது. நிறமும் தனிக் கறுப்பாகவே இருக்கட்டும். மஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்த சிவப்பில் பதிவு (ஒரு நிறத்தின் மேல் மற்றொன்று சரியாகப் பொருந்துவது) இம்மி விலகினாலும் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிற விளிம்பு முளைக்கும்.

வினைல் ஒட்டுத்தாள் வெட்டும் கடைக்கு இந்த எழுத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் கர்வாக (கோட்டு வடிவமாக) மாற்றியதும் ஆயிரக்கணக்கான நோடுகள் (கோட்டை வளைக்கும் புள்ளிகள்) சேர்ந்து கணினி திணறும். பிளாட்டர் (வெட்டும் இயந்திரம்) வெட்டி முடித்தாலும் துணுக்குகளை உரித்தெடுக்க ஆள் கிடைக்காது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மெஷ்ஷின் (திரைத்துணியின்) கண்ணியைவிடச் சிறிய திட்டுகள் கழுவும்போதே போய்விடும்.

இரங்கல் அறிவிப்பு, தொலைபேசி எண், மருத்துவ முகாம் விளம்பரம் ஆகியவற்றுக்குக் கீறலில்லாத எழுத்தே போதும்.

அச்சு வடிவமைப்பாளர்கள் சிலர்,
சிவகாசி