பொன்னாடை வேண்டாம், உயிர்காப்பு அங்கி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாரி வெள்ளத்தில் வவுணதீவுப் பக்கம் வீதியைத் தண்ணீர் மூடியபோது நடுவழியில் ஒரு ஓட்டோ நின்றுபோனது. உள்ளே முன்பின் தெரியாத ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. உன்னிச்சைக் குளத்தின் கதவுகள் திறந்திருந்ததால் இழுவை பலமாக இருந்தது. என் கணவர் மட்டக்களப்பு வாவியில் மீன் பிடிப்பவர். "போகாதீங்க, நமக்கும் பிள்ளைகள் இருக்கு" என்று கத்தினேன். "அதுவும் பிள்ளைதானே" என்றபடி தோணியைத் தள்ளிவிட்டார்.

இயந்திரத்தைப் போட முடியாது, ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்ச்செடி சுற்றிவிடும். தடியை ஊன்றி ஊன்றித்தான் போனார். வீதி எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று பார்த்ததும் அந்தத் தடியால்தான். குழந்தையை மீன் போடும் ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டிக்குள் வைத்து, தாயையும் ஏற்றி முதலில் கொண்டுவந்தார். பெட்டி நாறினால் என்ன, மிதக்குமே! அப்புறம்தான் மற்றவர்கள்.

எனக்குப் பெருமைதான். ஆனால் கோபமும் தீரவில்லை. அவரிடம் உயிர்காப்பு அங்கி இல்லை. இடுப்பில் கட்டியிருந்தது வலைக்கயிறு. 117 என்ற அனர்த்த அவசர இலக்கத்துக்கு அழைத்தாலும் மீட்புப் படகு வந்துசேர நேரமெடுக்கும். அதுவரை ஊர்த்தோணிதான். 2004 சுனாமியிலும் முதலில் கைகொடுத்தது பக்கத்து வீட்டார்தானே.

அதிகாரிகளே, அடுத்த மாரிக்கு முன் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மீனவர் சங்கங்களுக்கு அங்கிகளும் நீளக் கயிறுகளும் கொடுத்துவையுங்கள். தாழ்ந்த வீதிகளின் இரு ஓரமும் வெள்ளைக் கட்டைகள் நடுங்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாசகி ஒருவர்,
வவுணதீவு, மட்டக்களப்பு