ஆர்டர் போடும் முன்பே பேசிக்கொள்ளட்டும் நூலகங்கள்

ஐயா,

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கின்றன. அச்சு நூல்களில் பழைய கதைதான். மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழித்தாக வேண்டும். விற்பனையாளர்கள் ஒரே பட்டியலோடு வளாகம் வளாகமாக ஏறி இறங்குவார்கள். ஒன்றிரண்டு ஆய்வு மாணவர்கள் மட்டுமே தொடும் விலையுயர்ந்த நூல் நான்கைந்து ஊர்களில் அலமாரி ஏறிவிடும்.

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'இண்ட்கேட்' ஒருங்கிணைந்த பட்டியல் இருக்கிறதே என்பார்கள். வாங்கி, சேர்க்கை எண் போட்டு, பதிவேற்றிய நூல்தான் அதில் வரும். அதற்குள் பில் பாஸாகியிருக்கும்.

துறைகளின் பரிந்துரை வந்ததுமே ஐஎஸ்பிஎன் (நூலின் சர்வதேச அடையாள எண்), ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, விலை ஆகிய ஆறு விவரங்களைப் பொது விரிதாளில் ஏற்றி, 15 நாள் பொறுத்து ஆர்டர் போடலாம். பாடநூல்களை விட்டுவிடுங்கள், அவை எல்லா ஊரிலும் வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்டவற்றை மட்டும் ஒப்பிட்டாலே போதும். ஒரே நூலைப் பலர் கேட்டிருந்தால் ஒரு நூலகம் வாங்கி மற்றவற்றுக்கு இரவல் தரலாம்.

ஐஎஸ்பிஎன்னை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஒரே நூலின் கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறு எண். பழைய தமிழ் நூல்களுக்கு எண்ணே கிடையாது. மு. வரதராசனை ஓரிடத்தில் 'வரதராசன், மு.' என்றும், இன்னோரிடத்தில் 'மு.வ.' என்றும், வேறோரிடத்தில் ரோமன் எழுத்திலும் பதிந்தால் கணினிக்கு அவர் மூன்று பேர். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் ஏற்றிய பதிவோ தேடலில் சிக்கவே சிக்காது. இவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும், சலிப்பூட்டும் வேலைதான்.

எந்தத் துறை நூல்களை யார் வாங்குவது என்று பங்கிடும்போது, ஆய்வு நடக்கும் இடத்துக்கே கொடுக்க வேண்டும். ஓலைச்சுவடியியல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு, கடல் உயிரியல் பரங்கிப்பேட்டையில் மையம் வைத்திருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு என்பதுபோல.

நூலகர்கள் தயங்குவது வேறு காரணத்தால். வெளியூருக்கு இரவல் போன நூல் இருப்புச் சரிபார்ப்பின்போது அலமாரியில் இல்லாவிட்டால் யார் தலை உருளும்? உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' (NAAC) அமைப்பின் மதிப்பீடும் நூல் கொள்முதலுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு செலவழித்தீர்கள் என்றுதான் கேட்கிறது; பிறர் வாங்கட்டும் என்று விட்டவருக்கு அங்கே மதிப்பில்லை. இரவல் ரசீதைத் தணிக்கை ஏற்கவும், கூரியர் செலவையும் தொலைந்த நூலின் விலையையும் இரவல் வாங்கும் நூலகம் ஏற்கவும் உயர்கல்வித் துறை ஓர் அரசாணை வெளியிட்டால், அடுத்த மார்ச் கொள்முதலிலேயே தொடங்கிவிடலாம்.

பல்கலைக்கழக நூலகர் ஒருவர்,
திருச்சி