சிலைக்கு முன்னாடி பேர் லிஸ்ட் எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஊர்ல இருந்து ராணுவத்துக்குப் போனவங்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் கட்டணும்னு பேச்சு வந்திருக்கிறது ரொம்ப சந்தோஷம், ஆனா எல்லாரும் சிலை எவ்ளோ உயரம், யாரு திறந்து வைக்கிறதுன்னே பேசுறாங்க. எனக்கு முக்கியமா படுறது பேர்தான். வாஷிங்டன்ல 1982ல கட்டுன வியட்நாம் போர் நினைவுச்சுவர்ல 58,000க்கு மேல பேர கருப்பு கிரானைட்ல வெட்டியிருக்காங்க, பதவி எதுவும் போடல, தேதி வரிசைல எல்லாரும் சமமா இருக்காங்க, அதுவும் மக்கள் குடுத்த நன்கொடைல கட்டுனது. டெல்லில 2019ல திறந்த தேசிய போர் நினைவுச்சின்னத்துலயும் 25,000க்கு மேல பேர் இருக்கு.

அதனால மொதல்ல வீடு வீடா போய் லிஸ்ட் எடுங்க, உயிரோட திரும்பி வந்தவங்க, நர்ஸா, டிரைவரா, சமையல்ல வேலை பார்த்தவங்க யாரையும் விட்டுடாதீங்க, ஸ்பெல்லிங் சரியான்னு குடும்பத்துக்கிட்ட காட்டிட்டு அப்புறமா கல்லுல வெட்டுங்க, கல்லுல ஏறுன தப்ப திருத்துறது ரொம்ப கஷ்டம். புதுசா பேர் சேர்க்க இடமும் விடுங்க. படிக்கட்டு மட்டும் கட்டிடாதீங்க, வீல்சேர் போறதுக்கு சரிவுப்பாதையும் வேணும், அங்க வரப்போறவங்கள்ல பாதிப்பேர் வயசானவங்களா இருப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்