சேகருக்கு, சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ரஹீம் மகள் கல்யாணம் நன்றாக நடந்தது. மணியம் அண்ணன் அந்தப் பச்சைச் சட்டையில்தான் வந்தார், உன் பங்குப் பிரியாணியையும் சேர்த்தே முடித்தார்.

சிட்னியில் போலீசின் டேசருக்கு, அந்த மின்சாரம் பாய்ச்சும் துப்பாக்கிக்கு, எதிராகக் கையெழுத்து வாங்கி அலைவதாக எழுதியிருந்தாய். 'இவனுக்கு எதற்கு ஊர் வம்பு' என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

போன மாதம் ஒரு நாள் விடிகாலை மூன்று மணிக்கு அப்பா கதவைத் திறந்துகொண்டு கீழே போய்விட்டார். கையில் அம்மாவின் பாக்குவெட்டி. யாரோ பயந்து போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் லிஃப்டை விட்டு ஓடிவந்தபோது புளோக்கின் அடியில் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் இரண்டு இளம் போலீஸ்காரர்கள். கீழே போடும்படி ஆங்கிலத்தில் சொன்னார்கள், பிறகு மலாயில். முப்பது வருடம் துறைமுகத்தில் மலாய் பேசிய மனிதர்தான். மறதி நோயில் முதலில் ஆங்கிலம் போனது, அப்புறம் மலாய். இப்போது தமிழ் மட்டும்தான் மிச்சம். என் கண் அவர்கள் இடுப்பை விட்டு நகரவில்லை.

ஒருவர் இரண்டடி பின்னால் போய்க் கல் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எதிரில் போய் உட்கார்ந்து, பாக்குவெட்டியை மேசையில் இருந்த சதுரங்கக் கட்டத்தின் மேல் வைத்துவிட்டு, "வெத்தலை இருக்கா?" என்று கேட்டார்.

அன்றுதான் நீ அனுப்பியதை முழுவதும் படித்தேன். 2023 மே மாதம் உங்கள் ஆஸ்திரேலியாவில், கூமா என்ற ஊரில், முதியோர் இல்லத்தில், நடைவண்டியைப் பிடித்து நடக்கும் 95 வயதுப் பாட்டி. கையில் சாப்பாட்டு மேசைக் கத்தி. டேசர் பட்டதும் விழுந்து தலையில் அடி, ஒரு வாரத்தில் போய்விட்டார். 2024இல் ஜூரி அந்தப் போலீஸ்காரரைக் குற்றவாளி என்றது, ஆனாலும் சிறைத்தண்டனை இல்லை. 2007இல் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்திலும் இப்படித்தான். போலந்திலிருந்து வந்தவர், ஆங்கிலம் தெரியாது, கையில் ஸ்டேப்ளர். ஐந்து முறை பாய்ச்சினார்கள், அங்கேயே இறந்துபோனார். மகன் வரவில்லை என்று நினைத்து அவர் அம்மா அதற்குள் ஊர் திரும்பியிருந்தார். ஒரு பயணி எடுத்த வீடியோ வெளிவந்த பிறகுதான் ஊரே கொதித்தது. டேசரைப் பயன்படுத்தியது நியாயமில்லை என்று விசாரணை அறிக்கை சொல்ல 2010 ஆகிவிட்டது.

கத்தியோடு பாய்கிறவனைச் சுடாமல் மடக்க அது உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இருவரும் பாய்ந்தவர்கள் இல்லை, சொன்னது புரியாதவர்கள். கொக்கி முனை இரண்டும் தைத்தவுடன் ஐந்து நொடிக்கு உடம்பு முழுவதும் விறைத்துவிடும், கையூன்றக்கூட முடியாது. வயதானவர் அப்படி விழுந்தால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியாது? பொறுமையாக உட்கார வேண்டிய இடத்தில் விசையை அழுத்துகிறார்கள் சேகர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் நோட்டீசை அனுப்பு, தமிழில் எழுதித் தருகிறேன். வென்ட்வொர்த்வில்லில் வீட்டுக்கு வீடு கொடு. ஆங்கிலம் மறந்துபோன அப்பா அம்மா அங்கேயும் இருப்பார்கள்.

கதவில் மேலே இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். பாக்குவெட்டியை மட்டும் ஒளித்து வைக்கவில்லை. அதைக் காணாவிட்டால் அம்மாவைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

அன்புடன்,
சரவணன்