'ஆட்களில்' ஒருவன் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'மருந்துக் கம்பெனி ஆட்கள் எங்கள் நேரத்தைத் தின்கிறார்கள், அவர்கள் தரும் பேனாவுக்காக எந்த மருத்துவரும் மருந்து எழுதுவதில்லை.' எழுதியவர் பெரிய மருத்துவர். நான் 27 ஆண்டுகள் அந்த 'ஆட்களில்' ஒருவனாக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். கடைசி நோயாளி போகும்வரை நடைவழியில் நிற்போம். நாற்காலிகள் நோயாளிகளுக்கு, அது நியாயந்தான். இரவு பத்தரைக்கு உள்ளே கூப்பிடுவார்கள். நான் படப்புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பேச, அவர் மறுநாள் பட்டியலைப் பார்த்துக்கொண்டே 'ம்' என்பார். அந்த 'ம்'முக்கு மூன்று மணி நேரம். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு புடைத்தபோது, அப்படிப்பட்ட ஒருவரிடமே கட்டணம் கட்டிக் காட்டினேன். அன்றுதான் என் முகத்தை முழுதாகப் பார்த்தார்.

பேனாவுக்காக யாரும் எழுதுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேனாவோடு நிறுத்திக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தானே! மாநாட்டுக்கு மனைவிக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டவர்களை அறிவேன். பெயர் சொல்ல மாட்டேன். குறிப்பேடு பத்திரமாக இருக்கிறது. கொடுத்ததற்குப் பலன் உண்டா என்பதில் கம்பெனி எங்கள் வாயை நம்புவதில்லை. மருந்துக்கடையில் போய் நின்று, யாருடைய சீட்டில் நம் மருந்து எத்தனை என்று விசாரித்துக் குறித்துவருவதும் எங்கள் வேலைதான். பலன் தெரியாத இடத்துக்கு அடுத்த ஆண்டு பேனாகூடப் போகாது.

2001இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டார்கள். கம்பெனி விளம்பரமும் தொடர்பும் தங்கள் மருந்துச் சீட்டைப் பாதிப்பதில்லை என்றவர்கள் 61 சதவீதம். மற்ற மருத்துவர்களும் அப்படித்தான் என்று நம்பியவர்கள் 16 சதவீதம். மயங்குகிறவர் எப்போதும் பக்கத்து அறைக்காரர்! 2016இல் அங்கேயே வந்த இன்னோர் ஆய்வில், கம்பெனி செலவில் ஒரே ஒருவேளை சாப்பிட்ட மருத்துவர்கள்கூட அந்தக் கம்பெனியின் மருந்தை மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை. நான் சொல்வேன்.

நாங்களும் யோக்கியர்கள் அல்ல. இதயத்துக்கு ஆபத்து என்று 2004இல் திரும்பப் பெறப்பட்ட வையாக்ஸ் வலி மருந்து உங்களுக்கு நினைவிருக்கும். அதை விற்கப் போனவர்களுக்கு, மருத்துவர்களின் கேள்வியிலிருந்து நழுவிப் பழக 'டாட்ஜ் பால்' என்று ஒரு விளையாட்டே வைத்திருந்தார்கள். மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் அது வெளியே வந்தது. எங்கள் பயிற்சியில் பெயர்தான் இல்லை, வித்தை இருந்தது. பக்கவிளைவு பற்றிக் கேட்ட ஓர் இளம் மருத்துவரின் மேசையில் இலவச மாதிரிப் பெட்டியை வைத்துப் பேச்சை மாற்றியிருக்கிறேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. உங்கள் கட்டுரையாளருக்கு எதுவுமே உறுத்தவில்லை போலும், பாக்கியசாலி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கேலிச்சித்திரம் போட்டீர்கள்: பெரிய பை, வளைந்த முதுகு, இளித்த வாய். பைக்குள் கைவிட்டு எடுப்பவரை ஏன் வரையவில்லை என்று அப்போதே எழுதினேன். கடிதத்துக்கு இடமில்லாமல் போயிருக்கும். அதே இதழில் ஒரு மருந்து விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருந்தது.

மருத்துவர்களுக்குத் தருவதைக் கம்பெனிகள் கணக்குக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் சட்டம் போட்டது. 2014 முதல் அங்கே யார் வேண்டுமானாலும் இணையத்தில் அதைப் பார்க்கலாம். அவ்வளவெல்லாம் உங்களிடம் கேட்கவில்லை. எழுதியவர் எந்தக் கம்பெனியிடம் என்ன பெற்றார் என்று மருத்துவ ஆய்விதழ்கள் கட்டுரைக்கு அடியில் போடுவது தாங்கள் அறியாததல்ல. உங்கள் மருத்துவப் பக்கத்திலும் அந்த ஒரு வரி வேண்டும்.

அதற்கும் இடமில்லை என்றால், 'ஆட்கள்' என்பதைப் 'பிரதிநிதிகள்' என்று திருத்தியாவது வெளியிடுங்கள். மூன்று எழுத்துதான் கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்து விற்பனைப் பிரதிநிதி
(பெயர் வேண்டாம்)